அறுந்தது முடிச்சில் இல்லை

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்த முனிராஜின் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சிவப்பு ஜீப்புதான். அப்போதே அவனுக்கு அன்றைய பொழுது கெட்டுவிட்டது.

ஜீப்பிலிருந்து இறங்கியவன் வத்தல்மலைக் கதிரவன். நல்ல உயரம். நாற்பதைத் தாண்டியும் தலையில் ஒரு நரை கிடையாது. முனிராஜின் மனைவி எழிலரசிக்குத் தாய்மாமன் மகன். முறைப்படி அவளை அவனுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது ஒருத்தி சொல்லிவிடுவாள், அதுவும் முனிராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது. பத்து வருஷம் போர்வெல் வண்டியில் ஊர் ஊராய்ப் போய்ச் சேற்றிலும் கிரீஸிலும் உழன்று, அந்தக் காசில் பாப்பாரப்பட்டியில் இரும்புக் கடை வைத்தவன் முனிராஜ். கதிரவனோ பெங்களூரில் ஏசி அறையில் இருந்துவிட்டு மலைக்குத் திரும்பி, அப்பன் விட்டுப்போன காப்பித் தோட்டத்து மரங்களில் தூளிகளைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் படுக்கப் பெங்களூர்க்காரர்களிடம் காசு வாங்குகிறவன். ஊர்க்காரர்கள் தூளி என்றார்கள். அவன் வைத்திருந்த பலகையில் ஹம்மாக் கேம்ப் என்று இருந்தது.

"எழிலு இருக்குதாண்ணா?" என்றான் கதிரவன்.

பதினாறு வருஷமாகக் குடும்பம் நடத்துகிற முனிராஜே அவளை எழிலரசி என்றுதான் கூப்பிடுவான். பெயரைப் பாதியாக நறுக்குகிற உரிமையை இவனுக்கு யார் கொடுத்தது? "இருக்குறா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆணிப் பெட்டியை இல்லாத அழுக்குக்குத் துடைத்தான்.

குரல் கேட்டு எழிலரசியே பின்கட்டிலிருந்து வந்தாள். அவளுக்கு வேலை விபத்து நடந்த இடங்களைப் போய்ப் பார்ப்பது. கடை எரிந்தால், லாரி கவிழ்ந்தால், அது தானாக நடந்ததா நடத்தியதா என்று பார்த்துச் சொல்லும் இன்சூரன்ஸ் சர்வேயர். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பொய் சொல்கிறவனைக்கூட முழுதாகச் சொல்லவிட்டு, "சரிங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்பாள். முனிராஜுக்கு அவளோடு போவதில் கொள்ளை ஆசை. கடையை அடைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

"வாங்க மாமா. என்ன, மொகமே சரியில்ல?"

அந்த 'மாமா' முனிராஜுக்குப் பல்லில் மண் அரைபட்டது போலிருந்தது.

கதிரவன் கொண்டுவந்த சாக்குப்பையைக் கவிழ்த்தான். ஒரு பச்சைத் துணித் தூளி, மரத்தைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டைகள் இரண்டு, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத சாம்பல்நிறக் கயிறு, அதில் ஒன்று அறுந்து. "சனிக்கெழம சாய்ந்தரம் கெஸ்ட் ஒருத்தரு படுத்தாரு. படுத்த மாத்திரத்துல கயிறு அறுந்து பாறை மேல உழுந்துட்டாரு. இடுப்பெலும்பு போச்சு. ஆபரேஷன் பண்ணணுமாம். தூளியெல்லாம் கட்டுறது எங்கிட்ட வேலை செய்யற மாது. குடிச்சிட்டு முடிச்ச தப்பாப் போட்டுட்டான்னு எங்க அண்ணன் சொல்றாரு. எஸ்.ஐ.யும் அதையே புடிச்சிக்கிட்டாரு. சாய்ந்தரம் வந்து அவனைக் கூட்டிட்டுப் போறேன்னுட்டாரு. அவன் சின்னப்புள்ளைங்க ரெண்டு பேரையும் வெச்சிக்கிட்டு வாசல்லயே உக்காந்திருக்கான் எழிலு. சோறு திங்கல."

"மாது குடிப்பாரா?"

"கேம்ப் ஆரம்பிச்சதுல இருந்து தொட்டதில்ல. முன்னாடி குடிச்சான். அது போதாதா ஊருக்கு?"

எழிலரசி தரையில் உட்கார்ந்து கயிற்றைக் கையிலெடுத்தாள். முனிராஜ் முந்திக்கொண்டான்.

"பாத்தாலே தெரியுதே. இவ்ளோ ஒல்லிக் கயித்துல மனுசனைத் தொங்கவிட்டா? கொடிக் கயிறுகூட இதுக்குத் தடிமனா இருக்கும். எங்கியோ டூப்ளிகேட்டு வாங்கியிருக்காப்ல."

"அண்ணா, இது நீங்க விக்கிற கயிறு இல்ல" என்றான் கதிரவன் பொறுமையாக. அந்தப் பொறுமைதான் முனிராஜைச் சுட்டது. "இதோட பலம் இரும்புக் கம்பிக்கு மேல. நைலான்னா, ஆளு படுத்தா இழுத்துக்கிட்டுப் போவும், நடுராத்திரி முதுகு தரையில இருக்கும். கடையில நைலான்னு குடுக்குறதுல பாதி பிளாஸ்டிக்கு, ஒரு கோடை வெயிலுக்குத் தாங்காது. இது இழுக்காது, தண்ணி குடிக்காது. வழவழன்னு இருக்கறதால முடிச்சு மட்டும் பாத்துப் போடணும், சூடு ஆகாது. அவ்ளோதான்."

"சோதிச்சிப் பாத்துட்டாப் போவுது" என்றாள் எழிலரசி.

அறுந்த கயிற்றில் நன்றாயிருந்த ஒரு துண்டை வெட்டி, கடை உத்தரத்தில் கட்டி, இரண்டு சிமென்ட் மூட்டைகளைச் சேர்த்துத் தொங்கவிட்டார்கள். கயிறு முனகக்கூட இல்லை. முனிராஜே மூட்டை மேல் ஏறி நின்றான். அப்போதும் அப்படியே நின்றது. டூப்ளிகேட்டு என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"கயிறுன்னா எங்க அறும், சொல்லுங்க" என்று கணவனைக் கேட்டாள்.

"முடிச்சுலதான். வண்டியில எத்தனை பாத்திருக்கேன். முடிச்சு போட்ட எடம்தான் வீக்கு."

"இது முடிச்சுல அறுவல. பட்டையில போட்ட முடிச்சு அப்படியே இருக்குது பாருங்க, கெட்டியா. நட்டநடுவுல அறுந்திருக்கு." அறுந்த இடத்தைத் தடவினாள். அங்கே நூலிழைகள் உருகி ஒட்டிப் பளபளவென்று, லேசாகக் கறுத்து, ஈர்க்குச்சி போல விறைத்திருந்தன. அதோடு நிற்கவில்லை. கயிற்றை விரல்களுக்கிடையே ஓடவிட்டபோது கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு விறைப்பு, அதே அளவு தள்ளி இன்னொன்று. அந்த இடம் வரும்படி ஒரு துண்டைக் கட்டி ஒற்றை மூட்டையைத் தொங்கவிட்டாள். பட்டென்று அறுந்து சிமென்ட் தூள் மூன்று பேர் முகத்திலும் அடித்தது.

"நெருப்பு வெச்சிருக்கான்" என்று முனிராஜ் குதித்தான். "தூளி தொங்கறப்போ எவனோ பீடியால சுட்டிருக்கான்."

"கையை நீட்டுங்க."

நீட்டினான். முழங்கையிலிருந்து கட்டைவிரலுக்கு, கட்டைவிரலிலிருந்து முழங்கைக்கு என்று அவள் கயிற்றைச் சுற்றினாள். சுற்றி முடித்தபோது விறைத்த இடங்களெல்லாம் அவன் மணிக்கட்டுக்கு மேலே ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வந்து வரிசையில் உட்கார்ந்துகொண்டன.

"தொங்கறப்போ சுடலைங்க. ஆம்பளக் கையில சுத்தி வெச்ச கண்டு. அந்தக் கண்டு மேல ஒரே எடத்துல சூடு பட்டிருக்கு." பிறகு அறுந்த கயிற்றின் கடைசி முனையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு சாண் நீளம் சுருண்டு நெளிந்திருந்தது. "இது என்ன?"

முனிராஜுக்கு இது தெரியும். "இங்க ஒரு முடிச்சு ரொம்ப நாளா இருந்து, அப்புறம் யாரோ அவுத்திருக்காங்க. போர்வெல் வண்டியில கெட்டுப்போன கயித்துக்கு முனையில முடிச்சு போட்டு வெப்போம். இதைப் பாரத்துக்குப் போடாதேன்னு அர்த்தம். இங்க எல்லாருமே அப்படித்தான்."

நெளிவின் இடுக்கை அவள் நகத்தால் கீறினாள். வெளியே கயிறு சாம்பல். உள்ளே, முடிச்சு மூடிக் காத்த இடத்தில், ஒரு துளி குங்குமச் சிவப்பு. 

"அப்ப சரிதான்" என்றான் முனிராஜ், கதிரவனைப் பார்க்காமல். "கெட்டுப்போன கயிறுன்னு தெரிஞ்சும் வாங்கின காசு வீணாப்போவுதேன்னு மொதலாளியே அவுத்துக் கட்டியிருக்கலாம் இல்ல?"

"அண்ணா!"

"சொல்லலாமில்ல? ஒரு பேச்சுக்குத்தான்."

எழிலரசி பையைத் துழாவினாள். "மாமா, பைக்குள்ள இன்னொரு கயிறு இருக்குதே. ஆரஞ்சு கலரு. சுத்தினது சுத்தினபடி."

"அது மேக்கயிறு" என்றான் கதிரவன். உடனே அவன் பேச்சில் சுறுசுறுப்பு வந்துவிட்டது. தூளியைத் தரையில் விரித்து, இரண்டு நுனிகளுக்கும் நடுவே ஆரஞ்சுக் கயிற்றை நீட்டிக் காட்டினான். "தூளி எவ்ளோ தொய்வா இருக்கணும்னு முடிவு பண்றது இதுதான். இது இல்லாம நேரா இழுத்துக் கட்டினா ஒரு ஆளு படுத்தாலும் ரெண்டு மூணு ஆளு பாரம் கயித்து மேல வந்து உழும். அதனால இதைத்தான் மொதல்ல மாட்டணும். மாதுவுக்குச் சொல்லிக் குடுத்ததே இதுதான். தூக்கத்துல எழுப்பிக் கட்டச் சொன்னாலும் மேக்கயித்தைத்தான் மொதல்ல தேடுவான்."

"அன்னைக்கு மாட்டலையே. பையிலயே இருக்குது."

கதிரவன் விழித்தான். "ஆமா... நான் அதை யோசிக்கவே இல்ல."

"போயிப் பாத்துரலாம்" என்று எழுந்தாள்.

"ஜீப்புல வா எழிலு. வளைவுங்க ஜாஸ்தி, குளிரு வேற."

"அவரு வண்டியிலயே வரேன் மாமா."

முனிராஜுக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. ஆனால் மலை ஏறுகிற வழியெல்லாம் அவள் அவன் தோளைத் தொடவில்லை. பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசனையிலேயே வந்தாள். முன்னால் சிவப்பு ஜீப்பு ஒவ்வொரு வளைவிலும் மேலே தெரிந்து தெரிந்து மறைந்தது.

மலையில் மார்கழி மூடுபனி மதியமாகியும் விலகவில்லை. காப்பிப் பழம் பறிக்கிற நேரம். சில்வர் ஓக் மரங்களுக்கிடையே தூளிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு மரத்திலும் மிளகுக் கொடி ஏறியிருந்தது. பட்டை சுற்றிய இடத்தில் மட்டும் கொடி நசுங்கிக் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது.

"இதெல்லாம் போனாப் போவுதுன்னு வுட்டுட்டீங்களா?" என்று எழிலரசி கேட்டாள்.

"மொளகு பாத்தா தூளி கட்ட முடியுமா? அண்ணந்தான் திட்டுவாரு, கொடியைக் கொல்றீங்கடான்னு."

தகர ஷீட் போட்ட கொட்டாயின் வாசலில் மாது உட்கார்ந்திருந்தான். உள்ளே ஆணிகளில் கயிற்றுக் கண்டுகள் தொங்கின, ஒரு ஆணி மட்டும் காலி. எழிலரசியைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான். "அம்மா, நான் காத்தாலயே எல்லாத் தூளியும் கட்டிட்டேனுங்க. மேக்கயிறு மாட்டித்தாங்க கட்டினேன். அப்புறம் கெஸ்டுங்களைக் கூட்டிக்கிட்டு அருவிக்குப் போயிட்டேன். சாய்ந்தரம் திரும்பி வந்தப்போ, எங்களுக்கு முன்னாடியே நடந்து வந்த ஒருத்தரு உழுந்துட்டாருன்னு சொன்னாங்க."

"கயித்து முனையில முடிச்சு போட்டு வெச்சது நீங்கதானே?"

மாதுவின் வாய் திறந்து மூடியது. கண் ஒரு கணம் வேலிக்கு அந்தப் பக்கம் போய் வந்தது. "எந்த முடிச்சுங்க?" என்றான்.

வேலிக்கு அந்தப் பக்கம் காப்பிச் செடிகளுக்கு நடுவே கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர் கிருஷ்ணப்பன், கதிரவனுக்கு அண்ணன். அப்பன் நிலத்தில் பாதி இவருக்கு, பாதி தம்பிக்கு. "வா அம்மிணி" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "இவன்கிட்ட என்ன விசாரணை? ஊத்திக்கிட்டு வந்து கட்டினவன் உண்மை சொல்லுவானா?"

"பாக்கலாங்க பெரிய மாமா" என்றாள் எழிலரசி.

விழுந்த இடத்தைக் கதிரவன் காட்டினான். இரண்டு மரங்கள், கீழே யானை முதுகு போலப் பாறை. பட்டையை அவிழ்த்து எடுத்த தடம் மரத்தில் தெரிந்தது. பழைய நசுங்கலுக்கு ஒரு கை மேலே புதிய தடம். அங்கே கொடி நசுங்கவில்லை. யாரோ கொடியை மரத்திலிருந்து பக்குவமாய்ப் பிரித்து, பட்டையை அதற்கு அடியில் ஓட்டி, மறுபடி கொடியை மரத்தோடு சேர்த்து வாழைநாரால் கட்டியிருந்தார்கள். இன்னொரு மரத்திலும் அப்படியே.

முனிராஜ் வாழைநாரைப் பார்த்தான், மிளகுத் தோட்டத்தில் வாழைநார் இல்லாமலா என்று விட்டுவிட்டான். அவன் கவனமெல்லாம் வேறிடத்தில் இருந்தது. மரத்தடியில் எழிலரசி குனிய, கதிரவனும் குனிந்து எதையோ காட்ட, இரண்டு தலைகளும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டிருந்தன.

"காப்பி குடிங்கண்ணா" என்று பக்கத்தில் குரல் கேட்டது. கதிரவனின் மனைவி ஐஸ்வர்யா. தர்மபுரி டவுனில் பிறந்தவள். அவளும் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளா எங்கூடப் பேசலைங்கண்ணா அவரு. எதைக் கேட்டாலும், எழிலு வந்தாத் தெரிஞ்சிரும், எழிலு வந்தாப் புரிஞ்சிரும்."

"எங்கூட்டுல மட்டும்?" என்றான் முனிராஜ். "மாமா, மாமான்னு."

"நான் வெச்ச ரசம் உப்புன்னா, உங்க வூட்டு ரசத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசுவாருங்க."

"அங்க ரசம் வெக்கிறதே நான்தாம்மா."

ஐஸ்வர்யா சிரித்துவிட்டாள். பிறகு முகம் வாடியது. "அந்த எஸ்.ஐ. மாதுவைத்தான் கூட்டிட்டுப் போவாருன்னு இல்லைங்கண்ணா. மாது இல்லைன்னா மொதலாளிதான்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. இவரு அன்னைக்கு மலையிலயே இல்ல. விடியக்காலமே தர்மபுரி போயிட்டாரு, சாமான் வாங்க. எங்கண்ணன் வூட்டுலதான் சாப்புட்டாரு. பொழுது எறங்கித்தான் வந்தாரு. இதை உங்கூட்டுக்காரம்மாகிட்டச் சொல்லிருங்கண்ணா."

"சொல்றேன்" என்றான் முனிராஜ்.

சொல்லவில்லை. எழிலரசி திரும்பி வந்து, "காப்பி நல்லாருந்துச்சா?" என்று கேட்டாள். "ம்" என்றான். சொன்னால் கதிரவன் கழுவி விட்டாற்போல் வெளியே வந்துவிடுவான். வரட்டும், ஆனால் கொஞ்ச நேரம் கழித்து வரட்டும். எஸ்.ஐ. வந்து, நாலு பேர் முன்னால் அந்த உயரமான தலை ஒரு தடவை குனிவதைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். தப்பென்று தெரிந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

பொழுது சாய்ந்தபோது எஸ்.ஐ.யின் ஜீப்பு வந்தது. கொட்டாய் முன்னால் எல்லாரும் கூடினார்கள். கிருஷ்ணப்பனும் கூடையை இறக்கிவிட்டு வந்து ஓரமாய் நின்றார். மாதுவின் மனைவி குழந்தைகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"என்னங்க மேடம், முடிச்சு தப்புதானே?" என்றார் எஸ்.ஐ.

"முடிச்சு சரியா இருக்குதுங்க சார். அறுந்தது முடிச்சுல இல்ல." எழிலரசி கயிற்றை முனிராஜின் கையில் மறுபடி சுற்றிக் காட்டினாள். "இந்தக் கயிறு சுத்தி வெச்ச நெலமையில ஒரே எடத்துல சுட்டுப்போயிருக்கு. முனையில கெட்டுப்போன கயிறுன்னு முடிச்சு. முடிச்சுக்குள்ள குங்குமம். கயித்துக்குக் குங்குமம் வெக்கிற நாளு வருஷத்துல ஒண்ணுதான், ஆயுத பூஜை. அன்னைக்கு மம்பட்டி, கத்தி, கயிறு எல்லாத்தையும் ஒண்ணா வெச்சிக் கும்புட்டிருக்கீங்க. வெத்தலை வெச்சி அது மேல சூடம் ஏத்தியிருக்கீங்க, இந்தக் கயித்துக் கண்டு மேல."

"வழக்கந்தானே அது" என்றாள் ஐஸ்வர்யா. "அப்பா காலத்துல இருந்து கெணத்துக் கயித்து மேலதான் ஏத்துவாங்களாம்."

"கெணத்துக் கயிறு தேங்காநாரு. சூடம் பட்டா ரெண்டு பிசிறு பொசுங்கும், அவ்ளோதான். இது சூடு பட்டா உருகும். ஏத்துனவருக்கு அது தெரியாது. அது தப்பில்ல. கண்டைப் பிரிச்சப்போ மாது பாத்துட்டாரு. முடிச்சு போட்டு இந்தக் கொட்டாயில ஆணியில மாட்டிட்டாரு. யாருகிட்ட சொன்னீங்க மாது? நீங்க மறைக்கிறதால இப்ப நீங்கதான் உள்ள போவப்போறீங்க."

மாது தலையைத் தொங்கப்போட்டான். "சூடம் ஏத்தினவருகிட்டயே சொன்னேனுங்க. தம்பிக்குத் தெரிஞ்சா மானம் போயிரும், சொல்லாதடான்னாரு. இப்ப சொன்னா, கெட்டுப்போன கயிறுன்னு தெரிஞ்சும் நீதானே கட்டுனேன்னு என்னையத்தானே கேப்பாங்க."

குடும்பத்தில் சூடம் ஏற்றுவது யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மூத்தவர்தான் ஏற்றுவார்.

"அப்ப கெட்டுப்போன கயிறுன்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேரு" என்று எழிலரசி தொடர்ந்தாள். "சனிக்கெழம மதியம் யாரோ மாது கட்டின தூளியை எறக்கி, நல்ல கயித்தை எடுத்துட்டு, முடிச்சை அவுத்து இதைக் கட்டியிருக்காங்க. கட்டுனவருக்கு மேக்கயிறு எதுக்குன்னு தெரியல. அதைச் சுத்திப் பையில போட்டுட்டு நேரா இழுத்துக் கட்டிட்டாரு. அதனால மாது இல்ல. கதிரவன் மாமாவும் இல்ல, மேக்கயித்தைப் பத்திக் கடையில மூச்சு வுடாம பாடம் நடத்துனவரு அதை மறந்துட்டுக் கட்டமாட்டாரு."

முனிராஜ் தரையைப் பார்த்தான்.

"இது வரைக்கும் கூட நான் சும்மா ஊகிக்கிறேன்னு சொல்லலாம். மரத்தைப் போய்ப் பாருங்க சார். இந்தத் தோட்டத்துல எல்லா மரத்துலயும் பட்டை கொடியை நசுக்கிக்கிட்டு இருக்குது. அந்த ரெண்டு மரத்துல மட்டும் கொடியைப் பிரிச்சி, பட்டையை அடியில வுட்டு, வாழைநாருல கட்டியிருக்கு. கெட்ட காரியம் பண்ண வந்த எடத்துலயும் மொளகுக் கொடியை நசுக்கக் கை வரல. யாரு கைங்க அது, பெரிய மாமா?"

கிருஷ்ணப்பன் தன் கைகளைப் பார்த்தார். காப்பிப் பழச் சாறு பட்டுக் கறுத்திருந்தன. இடுப்பு வேட்டியில் அன்றைக்கும் நாலைந்து வாழைநார் செருகியிருந்தது.

 பிறகு அவர் தம்பியைப் பார்த்துத்தான் பேசினார். "ஒரே அப்பன், ஒரே காடு. எனக்கு வாடல் நோவு வந்து பாதிக் கொடி செத்துப்போச்சு. ஒரு நாளு வந்து எட்டிப் பாத்தியா? உம்மரத்துல ஆளு தொங்குனாக் காசு. எம்மரத்துல மொளகு தொங்கறதுக்கு நான் வருசம் பூராக் கொடியோட பேசிக்கிட்டுக் கெடக்கணும். சனிக்கெழம ஆனா பாட்டு, சிரிப்பு. வேலிக்கு இந்தாண்ட நான் பழம் பொறுக்கிட்டு நிக்கிறேன், ஒருத்தன் போட்டோ புடிக்கிறான்டா என்னைய. வேடிக்கைப் பொருளாட்டம்."

"அதுக்கு ஆளைக் கொல்லுவியாண்ணா?"

"கொல்லல்லாம் நெனைக்கல. பொத்துனு உழுவான், எழுந்து திட்டுவான், நாலு பேருகிட்டச் சொல்லுவான், வாரத்துக்கு ரெண்டு பேரு கொறைவாங்கன்னுதான்..."

"அடியில பாறை இருக்குறது உங்களுக்குப் பொறந்ததுல இருந்து தெரியும்" என்றாள் எழிலரசி. குரல் உயரவில்லை. "அந்தக் கெஸ்ட்டு உழுந்த பின்னாடியும் ரெண்டு நாளு இருந்திச்சு. அந்த ரெண்டு நாளும் மாது குடிச்சான்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

 கிருஷ்ணப்பன் மாதுவின் பக்கம் திரும்பினார், ஏதோ சொல்ல வந்தவர் சொல்லாமல் ஜீப்பில் போய் ஏறினார். மாது அழுதான். காப்பாற்றப்பட்ட சந்தோஷமா, சூடம் ஏற்றிய கைக்காக வாயை மூடிக்கொண்டிருந்த பைத்தியக்காரத்தனமா, அவனுக்கே தெரிந்திருக்காது. கதிரவன் வேலியோரம் நின்று அண்ணனின் பழக்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த உயரமான தலை குனிந்துதான் இருந்தது. அதைப் பார்க்க முனிராஜுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

இறங்கும்போது பனி கண்ணை மறைத்தது. முனிராஜ் மெதுவாக ஓட்டினான். எழிலரசி பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

"நாரைப் பாத்தேன் எழிலரசி. எனக்குத் தோணாமப் போச்சு" என்று அவனே ஆரம்பித்தான்.

"கதிரவன் மாமா அன்னைக்குத் தர்மபுரியில இருந்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது.

"கெளம்பறப்போ ஐஸ்வர்யா சொல்லிச்சு, அண்ணங்கிட்ட அப்பவே சொன்னேனேன்னு" என்றாள்.

"அது... சொல்லலாம்னுதான்..."

"எஸ்.ஐ. வந்து நின்னப்பவும் நீங்க சொல்லல."

அவன் கியரை மாற்றினான்.

"பெரிய மாமா கயித்தைத் தேடிப் போவலைங்க. ஆணியில மாட்டியிருந்திச்சு. கை போன தூரத்துல இருந்திச்சு, எடுத்துட்டாரு. இன்னைக்கு உங்க கைக்கும் ஒண்ணு ஆப்புட்டிச்சு."

மறந்துவிட்டேன் என்று சொல்ல முனிராஜுக்கு வாய் வரை வந்தது. அவள் அதையும் முழுதாகச் சொல்லவிட்டு, சரிங்க, இன்னொரு தடவ சொல்லுங்க என்பாள். 

"மறக்கலை. வேணும்னேதான் சொல்லல" என்றான். "அவன் ஒரு நிமிசமாச்சும் தலை குனிஞ்சி நிக்கணும்னு இருந்திச்சு. எழிலு எழிலுன்னு கூப்புடுறான், எனக்கு எரியுது. பதினாறு வருசமா எரியுது. இப்பவும்."

 அடுத்த வளைவு பனிக்குள் திடீரென்று எழுந்து வந்தது. அப்போது கம்பியை விட்டுவிட்டு அவள் கை அவன் தோளில் விழுந்தது, கொஞ்சம் பலமாகவே.

"திருப்பம் வருது. ஹாரன் அடிங்க."

அடித்தான். வளைவு முடிந்து ரோடு நேரான பிறகும் அவள் கை தோளிலேயே இருந்தது, அவன் கட்டைவிரலும் ஹாரனை விட்டு வரவில்லை.